பழைய லாரிக்குப் புதிய டயர்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பழைய வாகனங்களைப் பேணிக் காக்கும் வழக்கம் மேலைநாடுகளில் வெகுவாகப் பரவியுள்ளது. கார்களை மட்டுமன்றிச் சுமை லாரிகளையும் அங்கே சிலர் பிள்ளையைப் போலப் பராமரிக்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குச் சுமை சுமந்த ஜி.எம்.சி. லாரிகள் இன்றும் ஐரோப்பாவில் ஓடும் நிலையில் இருக்கின்றன. நம் நாட்டிலும், 1954-இல் மெர்சிடிஸ் பென்ஸ் ஒத்துழைப்புடன் டாட்டா நிறுவனத்தார் ஜாம்ஷெட்பூரில் செய்யத் தொடங்கினார்களே, அந்த 'மூக்கு லாரி'களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பவர்கள் உண்டு.

இப்படிப் புதுப்பிப்பவருக்கு எஞ்சினைவிட அதிகத் தொல்லை தருவது டயர்தான். தேய்ந்த பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து கொள்ளலாம். துருப்பிடித்த கதவைத் தகடு தட்டிச் சரி செய்யலாம். ஆனால் டயரை ஒற்றையாகச் செய்து தர எந்தப் பட்டறையாலும் இயலாது. அதற்கென அச்சு வேண்டும். வெப்பத்திலும் அழுத்தத்திலும் ரப்பரை வேகவைக்கும் இயந்திரம் வேண்டும். ஆகவே கடையில் கிடைப்பதைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். கிடைப்பதில் எது பொருந்தும் என்பதே கேள்வி. விடுமுறை நாட்களில் என் சித்தப்பாவின் பஞ்சர் கடையில் வேலை பார்ப்பவன் என்பதால் இப்பொருளை எடுத்துக்கொண்டேன். வகுப்பில் கரும்பலகையில் கண்ட அழுத்தமும் விசையும் அங்கே கண்ணெதிரே நிற்கின்றன.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கக் கற்க வேண்டும். மிகப் பழைய லாரிகளில் 34 × 7 என்பது போன்ற அளவு இருக்கும். 34 என்பது டயரின் வெளிவிட்டம், 7 என்பது அதன் பருமன், இரண்டும் அங்குலம். மேலும் கீழும் ஏழேழு அங்குலத்தைக் கழித்தால் எஞ்சுவது 20. அதுவே உள்ளிருக்கும் இரும்புச் சக்கரத்தின் விட்டம். கடைக்காரர்கள் இச்சக்கரத்தை 'டிஸ்க்' என்பார்கள். பின்னாளில் இந்த 34 × 7 அளவின் இடத்தில் 7.50-20 வந்தது. இங்கே முதல் எண் பருமன், இரண்டாவது டிஸ்க்கின் விட்டம். வெளிவிட்டம் எழுத்தில் இல்லாமலே போய்விட்டது. தவிர, பருமன் எண்ணும் பெயரளவில்தான். 9.00-20 டயரை அளந்து பாருங்கள். ஒன்பது அங்குலமாகிய 229 மில்லிமீட்டர் இராது, சுமார் 259 மில்லிமீட்டர் இருக்கும்.

ஆதலால் பழைய டயரைப் பார்த்துப் புதிய டயர் வாங்குவதை நான் ஒப்புவதில்லை. முந்தைய உரிமையாளர் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டினால் அதன் அகலம் பொறித்திருக்கும். 8.25-20 டயருக்கு 6.5 அங்குல அகலமும், 9.00-20 டயருக்கு 7.0 அங்குலமும், 10.00-20 டயருக்கு 7.5 அங்குலமும் உரியவை. இவற்றின் வெளிவிட்டம் முறையே சுமார் 970, 1018, 1052 மில்லிமீட்டர்.

இந்த விட்ட வேறுபாட்டை அற்பமென்று தள்ளக் கூடாது. 8.25-20 இருந்த இடத்தில் 9.00-20 போட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 சதவீதம் அதிக தூரம் போகும். வேகமானி 50 காட்டும்போது வண்டி 52½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதைவிட முக்கியம், தரையில் கிடைக்கும் இழுவிசை அதே 5 சதவீதம் குறைந்துவிடும். இன்றைய லாரிக்கு இது பொருட்டல்ல. நூறு குதிரைத்திறன்கூட இல்லாத பழைய எஞ்சின், மலைப்பாதை ஏறும்போது இதை நன்றாகவே உணரும்.

அடுத்தது சுமை. சுமையைத் தாங்குவது ரப்பர் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. டயரின் வேலை அந்தக் காற்றைச் சிதறாமல் பிடித்து வைப்பது. எவ்வளவு காற்றைப் பிடித்து வைக்கும் என்பதைக் காட்டுவதே 'பிளை' எண். பருத்தி நூல் காலத்தில் 14 பிளை என்றால் 14 அடுக்குத் துணி. ரேயானும் நைலானும் வந்தபின் குறைந்த அடுக்குகளே போதுமாயின. ஆயினும் பழைய 14 அடுக்குக்கு நிகரான வலிமை என்று காட்ட அந்த எண்ணே தொடர்கிறது. புதிய டயர்களில் இதனுடன் 146/143 போன்ற சுமைக் குறியீடும் இருக்கும். ஒற்றையாக மாட்டினால் ஒரு டயர் 3,000 கிலோவும், ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 2,725 கிலோவும் தாங்கும் என்பது அதன் பொருள். ஜோடியில் ஏன் குறைவு? சாலை சமதளமன்று, இரண்டில் ஒன்று எப்போதும் சற்று அதிகமாகவே சுமக்கும். எனவே லாரியை எடைமேடையில் ஏற்றி அச்சு வாரியாக எடை பார்த்து, முன் அச்சின் எடையை இரண்டாலும் பின் அச்சின் எடையை நான்காலும் வகுத்து, அந்த விடையைவிடக் குறியீடு கூடுதலாக உள்ள டயரையே வாங்க வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் கடைக்கு 1960-களைச் சேர்ந்த மூக்கு லாரி ஒன்று வந்தது. சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவதற்காக அதன் உரிமையாளர் வாங்கிப் புதுப்பித்திருந்தார். முன்னால் 9.00-20, பின்னால் நான்கும் 10.00-20. ஆறு டிஸ்க்கிலும் 7.0 என்றே பொறித்திருந்தது. "பெரிய டயர்னா சுமை கூடத் தாங்கும்தானே தம்பி?" என்று அவர் என்னைக் கேட்டார். தனியாக நின்றால் தாங்கும். ஆனால் ஜோடிச் சக்கரங்களின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம் டிஸ்க்கின் வளைவால் நிலையாக அமைந்துவிட்டது. டயர் தடித்தால் நடுவிலுள்ள சந்து குறையும். அந்த வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. வெறும் வண்டியிலேயே விரல் நுழைய இடமில்லை. சுமை ஏறினால் டயரின் பக்கங்கள் பிதுங்கி ஒன்றையொன்று உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் நூல் ரப்பரை விட்டுப் பிரியும். சந்தில் கல் சிக்கினால் கேட்கவே வேண்டாம். உள்பக்கத்தில் இரண்டு டயர்களிலும் உரசிய தடம் வட்டமாகத் தெரிந்தது. அதைக் காட்டியபின் அவர் நான்கையும் மாற்றச் சம்மதித்தார்.

அதே வண்டியில் வேறொரு சிக்கலும் இருந்தது. பழைய லாரி டிஸ்க் ஒரே துண்டு அன்று. டயரை நுழைத்தபின் ஓரத்தில் ஓர் இரும்பு ரிங்கைப் பொருத்திப் பூட்ட வேண்டும். ஒரு டிஸ்க்கில் இருந்த ரிங் வேறு வகையைச் சேர்ந்தது. தட்டினால் உட்கார்ந்தது, பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா, "இதுக்கு நான் காத்து அடிக்க மாட்டேண்ணே" என்று சொல்லிக் குழாயைக் கீழே வைத்துவிட்டார். உரிமையாளருக்குக் கோபம்.

சித்தப்பா சொன்னது சரிதானா என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். 9.00-20 டயரின் வெளி ஆரம் 20 அங்குலம், டிஸ்க்கின் ஆரம் 10. டயரின் பக்கம் அதிகமாகப் பிதுங்கி நிற்கும் இடத்தை நடுவில், 15 அங்குல ஆரத்தில் வைத்துக்கொள்வோம். அந்த இடத்திற்கு வெளியேயுள்ள பகுதியின் மீது படும் விசையை டயரின் மேற்பாகம் ஏற்கும். உள்ளேயுள்ள பகுதியின் விசை ரிங்கின் மீது வரும். 15-இன் வர்க்கத்திலிருந்து 10-இன் வர்க்கத்தைக் கழித்து 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 393 சதுர அங்குலம். காற்று 100 பவுண்டு என்றால் விசை 39,300 பவுண்டு. அதாவது 17 டன்னுக்கும் மேல். பொருந்தாத ரிங், சுமை ஏற்றிய ஒரு லாரியின் எடைக்கு நிகரான விசையைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது. அதன் நேர் எதிரே ஒரு மனிதன் குந்தியிருந்து காற்றடிக்கிறான்!

பல துண்டு டிஸ்க்குகளின் ரிங் தெறித்து மேலைநாடுகளிலும் தொழிலாளர் பலர் மாண்டதுண்டு. அமெரிக்காவில் இவ்வேலைக்கெனவே 1980-இல் தனிப் பாதுகாப்பு விதி கொண்டு வந்தார்கள். டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்க வேண்டும். வால்வில் தானே கவ்விக்கொள்ளும் முனையும் நீண்ட குழாயும் வேண்டும். வெவ்வேறு வகைத் துண்டுகளைக் கலந்து பொருத்தக் கூடாது. எங்கள் ஊரில் கூண்டு வைத்திருக்கும் கடையை நான் பார்த்ததில்லை. ரிங் உள்ள பக்கத்தைத் தரை நோக்கிக் கவிழ்த்து, சங்கிலி சுற்றிக் காற்றடிப்பதே வழக்கம். அந்த உரிமையாளர் பிறகு பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ரிங்குடன் கூடிய அதே வகை டிஸ்க் ஒன்றைப் பன்னிரண்டு நாட்களில் கொண்டுவந்து சேர்த்தார்.

அரை அங்குல வேறுபாடும் ஆளைக் கொல்லும். பழைய அமெரிக்கச் சிறு லாரிகள் சிலவற்றில் 16.5 அங்குலச் சக்கரம் உண்டு. அந்த அளவு டயர் இப்போது கிடைப்பது அரிது. 16 அங்குல டயரை அதில் நுழைத்துவிடலாம். ஆனால் விளிம்பு சரியாக உட்காராது. உட்கார வைக்கக் காற்றைக் கூட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பிலுள்ள எஃகுக் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இதனால் உயிரிழந்தோர் உண்டு. டியூப் இல்லாத 22.5 அங்குல டயரும் 20 அங்குல டிஸ்க்கில் ஏறாது. அதன் இருக்கை 15 பாகை சாய்வு, இதன் இருக்கை 5 பாகை. 9.00-20 டயரும் 10ஆர்22.5 டயரும் வெளிவிட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே டயரோடு டிஸ்க்கையும் மாற்றிக்கொள்பவர்கள் இருக்கின்றனர். ரிங் பயம் ஒழியும். வண்டியின் பழைய முகம் போய்விடும். ஓட்டுவதற்கே வைத்திருப்பவர் இதைச் செய்வதில் தவறில்லை என்பது என் எண்ணம்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேமித்து வைக்கும் லாரி அதிகம் ஓடாது, பூ தேயாது. ஆனால் ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை விடுவதில்லை. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தில் இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்தொன்றின் முன் டயர் வெடித்து மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19. பூவோ சட்டப்படி போதுமான அளவு இருந்தது. 2021 பிப்ரவரி முதல் அந்நாட்டில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று சட்டம் வந்தது. 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். மூன்று எண்களே இருந்தால் அது 2000-க்கு முந்தியது; கிடங்கில் காகிதம் சுற்றியே கிடந்திருந்தாலும் வாங்க வேண்டாம்.

ரேடியலா, நைலானா என்பது கடைசிக் கேள்வி. லாரிக்கான ரேடியலை மிஷலின் நிறுவனத்தார் 1952-இல் கொண்டு வந்தனர். அது சூடு குறைவு, ஆயுள் அதிகம். 9.00ஆர்20 என்று பழைய அளவிலும் வருகிறது. எனினும் நைலான் டயருக்கென்று செய்த பழைய டிஸ்க்கில் ரேடியலை மாட்டுமுன் டிஸ்க்கில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். டியூபும் ரேடியலுக்குரியதாக இருக்க வேண்டும். ஒரே அச்சில் இரண்டையும் கலக்கவே கூடாது. நைலான் லாரி டயர் நம் நாட்டில் இன்றும் உற்பத்தியாவதால் 9.00-20 தேடுவோருக்கு இங்கே கவலை குறைவு. அமெரிக்காவில் பழைய அளவுகளையும் பழைய பூ வடிவங்களையும் திரும்பச் செய்து விற்கும், 1958-இல் தொடங்கிய கோக்கர் போன்ற நிறுவனங்கள் உண்டு. அவற்றின் விலை நம்மவர்க்கு எட்டாது.

வாங்கும்போது ஸ்டெப்னியையும் சேர்த்து ஏழாக வாங்குவது நல்லது. பழைய டியூப் பெருத்துப் போயிருக்கும். புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். ஆகவே டியூபும் பிளாப்பும் புதிதாகவே இருக்கட்டும். மாதக்கணக்கில் வண்டி நிற்பதாக இருந்தால் அச்சுக்கு மரக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். இல்லையேல் நைலான் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். மீண்டும் எடுத்து ஓட்டும்போது, டயர் சூடேறி உருண்டை ஆகும்வரை முதல் சில கிலோமீட்டருக்கு வண்டி தடதடவென்று குதிக்கும்.