தோப்பிலேயே போர்டோ கலவை

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவமழை நுழைந்தால் தென்னைக்குக் கொண்டாட்டம். குருத்தழுகல் பூஞ்சைக்கும் அதே கொண்டாட்டம்தான். அதைத் தடுக்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுப் பழைய மருந்து ஒன்று உண்டு: மயில்துத்தம், சுண்ணாம்பு, தண்ணீர். இப்போது கடையில் தாமிரப் பூஞ்சைக்கொல்லி பாக்கெட்டாகவே கிடைக்கிறது. இருந்தாலும் பக்குவம் தெரிந்து தோப்பில் கலக்கும் போர்டோ கலவை இலையில் ஒட்டி நிற்பதில் இன்னும் முன்னால்தான்.

மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். அதன் எடையில் கால் பங்கு தாமிரம். அந்த நீல நிறம் படிகத்துக்குள் இருக்கும் நீரால் வருவது. சூடாக்கினால் வெள்ளைத் தூளாகிவிடும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் மறுபடி நீலமாகும். தாமிரம் பூஞ்சை வித்துகளை முளைக்க விடாது. ஆனால் துத்தக் கரைசலை அப்படியே அடித்தால் இலை கருகும். அதன் அமிலத்தன்மையைச் சுண்ணாம்பு முறித்து, தாமிரத்தை இலைமேல் மெல்லிய படலமாகப் படிய வைக்கிறது. பிரான்சில் போர்டோ வட்டாரத்தில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்க இந்தக் கலவையைச் சாலையோரக் கொடிகளில் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததை 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். திருடனுக்கு வைத்தது நோய்க்கு மருந்தானது.

ஒரு சதக் கலவைக்கு அளவு: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்புக்கல் 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். முதல் நாள் மாலையே துத்தத்தைத் துணியில் மூட்டையாகக் கட்டி, 50 லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் மேல்மட்டத்தில் தொங்கவிடுங்கள். அடியில் போட்டால் கட்டியாகவே கிடக்கும். மேலே தொங்கினால் கரைந்த கனமான நீர் நீலக் கோடாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். விடியும்போது துணி வெறுமையாகிவிடும். இரும்பு, தகர வாளிகள் பக்கமே போக வேண்டாம். துத்தம் இரும்பை அரித்து, தன் தாமிரத்தை அதன்மேல் படிய விட்டுவிடும். மருந்து வாளியிலேயே செத்துப்போகும்.

பெரும்பாலும் தவறு நேர்வது சுண்ணாம்பில்தான். காற்றுப் பட்டுப் பொடிந்த பழைய சுண்ணாம்பு உதவாது. கல்லாக இருப்பதை வாங்கி, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுத் தாளியுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். ஆறியபின் 50 லிட்டராக்கி, நைலான் வலையில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

இனிக் கலப்பது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றி, மரக்கம்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. படிவு கெட்டியாகித் திரிந்துவிடும். பதம் வந்தால் வான நீலம். பச்சை தட்டினால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: தேய்த்துப் பளபளப்பாக்கிய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து, மறுபடி கத்தியை முக்குங்கள். செம்பு படியாமல் வந்தால்தான் தெளிக்கலாம். கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். வைத்திருந்தால் ஒட்டும் தன்மை போய்விடும். வேறு பூச்சிமருந்து எதையும் இதில் சேர்க்க வேண்டாம்.

தென்னைக்கு மழை பிடிக்கும் முன்னே கொண்டையில் தெளியுங்கள். குருத்து பழுத்து, இழுத்தால் கையோடு வந்து நாறுகிறதா? அழுகியதை நல்ல பாகம் தெரியும்வரை வெட்டியெடுத்து எரித்துவிட்டு, போர்டோ பசை பூசி, மழை படாமல் மூடி வையுங்கள். பசைக்கும் துத்தம், சுண்ணாம்பு ஒவ்வொரு கிலோதான். தண்ணீர் மட்டும் மொத்தம் 10 லிட்டர். அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்தாலும் கெட்ட பட்டையை உளியால் செதுக்கிவிட்டு இதே பசைதான்.

துத்தம் விஷம். யாராவது விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மீனுக்கும் ஆகாது, டிரம் கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்கோ குட்டைக்கோ போகக் கூடாது. தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மக்காது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு கட்டியிருக்கிறது.

ஒன்று மட்டும்: பொள்ளாச்சித் தோப்புகளை வாட்டும் வேர்வாடல் நோய்க்கு இது மருந்தல்ல. அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, பூஞ்சையால் அல்ல. மட்டை தொய்ந்து சுருண்டால் துத்தம் வாங்கும் முன் ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.