ஒன்ராறியோவில் நகரசபைக் காப்புறுதியைப் புதுப்பிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று நம்மவர்கள் கூடி வாழும் ஊர்களில் நகரசபை வேலைக்குப் போகும் தமிழர்கள் இன்று பலர். கவுன்சிலர்களாகத் தெரிவானவர்களும் இருக்கிறார்கள். நிதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் "இந்த ஆண்டு காப்புறுதிப் புதுப்பித்தலை நீங்களே பாருங்கள்" என்று தடித்த கோப்பு ஒன்று வந்து சேரும். சின்ன டவுன்ஷிப்பாக இருந்தால் அந்த வேலையை வேறு யாரிடமும் தள்ளிவிடவும் முடியாது. பயப்பட வேண்டாம், முதல் தாளிலிருந்து கையெழுத்து வரை சேர்ந்தே போவோம்.

நாம் வாங்குவது என்ன?

நகரசபைக் காப்புறுதி என்பது ஒரே பொலிசி அல்ல, பல பொலிசிகளின் கட்டு. கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் சொத்துக் காப்புறுதி, பனி வழிக்கும் லொறி முதல் தீயணைப்பு வண்டி வரை வாகனக் காப்புறுதி, கணினித் தாக்குதலுக்கு சைபர் காப்புறுதி, ஊழியர் மோசடிக்கு ஒன்று. இவற்றோடு பொறுப்புக் காப்புறுதி. நம் தெருவிலோ பூங்காவிலோ அரீனாவிலோ காயப்பட்டவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் கைகொடுப்பது இதுதான். கட்டட அனுமதி வழங்குவதில் பிழை நேர்ந்தது போன்ற குற்றச்சாட்டுகளுக்குத் தனியாகத் தொழில்சார் தவறுக்கான காப்புறுதி உண்டு.

கடந்த பல ஆண்டுகளாகச் சபைகளை வாட்டுவது பொறுப்புக் காப்புறுதியின் விலை. அதனால் நாமும் அதிலேயே அதிக நேரம் செலவிடுவோம்.

விலை ஏன் ஏறுகிறது?

முதலில் ஒன்ராறியோவின் கவனயீனச் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு விபத்துக்கு இருவர் காரணம் என்று நீதிமன்றம் சொன்னால், காயப்பட்டவர் முழு நட்டஈட்டையும் அந்த இருவரில் யாரிடமும் வசூலிக்கலாம். சபை வட்டாரத்தில் இதை '1 சதவீத விதி' என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாகன விபத்தில் ஒருவர் வாழ்நாள் முழுதும் படுக்கையாகிவிடுகிறார். நட்டஈடு 10 மில்லியன் டொலர். சாரதி மீது 99 சதவீதம், தெருவைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று நகரசபை மீது 1 சதவீதம். சாரதியின் காப்புறுதி 1 மில்லியன்தான். மீதி 9 மில்லியனையும் சபையிடமே கேட்கலாம். பிறகு சாரதியிடம் திருப்பிக் கேட்கச் சபைக்கு உரிமை உண்டு. அவரிடம் சொத்து இல்லையென்றால் அந்த உரிமையால் பயனில்லை. ஒன்ராறியோவில் சாரதி கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பொறுப்புக் காப்புறுதி வெறும் 200,000 டொலர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதோடு வேறு காரணங்களும் சேர்ந்தன. 2016 ஜூனில், மிகக் கடுமையாகக் காயப்பட்டவர்களுக்கு வாகனக் காப்புறுதியில் கிடைக்கும் மருத்துவ, பராமரிப்பு உதவியின் உச்சத் தொகை 2 மில்லியனிலிருந்து 1 மில்லியனாகக் குறைந்தது. குறைந்த தொகையை ஈடுகட்ட, பணம் உள்ள வேறு ஒருவரை வழக்கில் சேர்க்கும் தேவை கூடியது. 2021இல் கனடிய உச்ச நீதிமன்றம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நெல்சன் நகரம் பனி அகற்றிய முறையைப் பற்றிய வழக்கில், அது நீதிமன்றம் தலையிட முடியாத கொள்கை முடிவு அல்ல என்று தீர்ப்பளித்தது. 'அது எங்கள் கொள்கை' என்று சொல்லித் தப்புவது அதன்பின் கடினமாயிற்று.

ஒன்ராறியோ நகராட்சிகளின் சங்கமான ஏ.எம்.ஓ. அந்த 1 சதவீத விதியை மாற்றும்படி மாகாண அரசிடம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 2019இல் விரிவான அறிக்கையும் கொடுத்தது. காயப்பட்டவர் கைவிடப்படக் கூடாது. ஆனால் அந்தச் சுமை முழுதையும் 1 சதவீதம் பிழை செய்த ஊரின் வரிதாரர் சுமப்பது நியாயம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் இந்த ஆண்டுப் புதுப்பித்தல் இன்றுள்ள சட்டத்தின் கீழ்தான் நடக்கப்போகிறது.

எப்போது தொடங்குவது?

பொலிசி டிசம்பர் 31இல் முடிகிறது என்றால் ஜூனில் தொடங்குவோம். ஜூன், ஜூலையில் தரவு சேகரிப்பு. ஓகஸ்டில் புரோக்கரோடு அமர்ந்து, சென்ற ஆண்டுப் பொலிசியை வரிவரியாகப் படிப்பது. செப்டெம்பரில் விண்ணப்பம் போக வேண்டும். ஒக்டோபர் கடைசியில் விலை வந்தால், நவம்பரில் கேள்வி கேட்கவும் பேரம் பேசவும் நேரம் கிடைக்கும். டிசம்பர் நடுவில் முதல் விலையைப் பார்ப்பவரால் 'சரி' என்று மட்டுமே சொல்ல முடியும்.

தேர்தல் ஆண்டில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒக்டோபரில் தேர்தல். புதிய சபை நவம்பர் 15இல் பொறுப்பேற்கும். பழைய உறுப்பினர்களில் முக்கால் பங்கினருக்குக் குறைவானவர்களே திரும்பி வருவார்கள் என்ற நிலை ஏற்பட்டால், நகராட்சிச் சட்டத்தின் 275ஆம் பிரிவு அந்த இடைக்காலத்தில் 50,000 டொலருக்கு மேற்பட்ட புதிய செலவுகளுக்குச் சபையின் கையைக் கட்டிவிடும். ஏற்கெனவே வரவுசெலவுத் திட்டத்தில் உள்ள செலவுக்கு விலக்கு உண்டு. முன்கூட்டியே அதிகாரிக்கு ஒப்படைத்த அதிகாரமும் செல்லும். ஆகவே தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலேயே கிளார்க்கிடம் போய் இதைப் பேசி முடித்துவிடுவோம்.

என்னென்ன சேகரிக்க வேண்டும்?

முதலில் இழப்பு அறிக்கை: கடந்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் வந்த கிளெயிம்கள், கட்டிய தொகை, இன்னும் திறந்திருக்கும் வழக்குகளுக்கு ஒதுக்கிய தொகை. இப்போதைய நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். வந்ததும் அப்படியே அனுப்பிவிடக் கூடாது. முடிந்துபோன வழக்குக்கு இன்னும் பெரிய தொகை ஒதுக்கப்பட்டிருந்தால் அடுத்த நிறுவனம் அதையும் இழப்பாகவே எண்ணும். அப்படிப்பட்டவற்றை மூடச் சொல்லி எழுதுவோம்.

அடுத்தது சொத்துப் பட்டியல். கட்டடத்தின் பெறுமதி என்றால் இன்று அதை மறுபடி கட்ட ஆகும் செலவு. பழைய பெறுமதியை ஆண்டுக்கு ஆண்டு பிரதி எடுத்து அனுப்பினால், அரீனா எரிந்த அன்றுதான் குறை தெரியவரும். தெருக்களின் நீளம், பாலங்கள், வாகனங்கள், தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், கோடை விழாக்கள் எல்லாமே பட்டியலில் வரும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: தெருப் பராமரிப்புப் பதிவுகள். ஒன்ராறியோவில் குறைந்தபட்சப் பராமரிப்புத் தரங்கள் என்ற ஒழுங்குவிதி இருக்கிறது, எண் 239/02. தெருக்களை வேக எல்லை, போக்குவரத்து அளவு ஆகியவற்றைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கெடு வைத்திருக்கிறது. 4ஆம் வகுப்புத் தெருவில் பனி 8 சென்ரிமீற்றரைத் தாண்டினால், கொட்டி ஓய்ந்து, அது நமக்குத் தெரியவந்த பின் 16 மணிநேரத்துக்குள் கவனிக்க வேண்டும். 1ஆம் வகுப்பில் 2.5 சென்ரிமீற்றர், 4 மணிநேரம். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வானிலையை நாளுக்குக் குறைந்தது மூன்று தடவை பார்க்க வேண்டும்.

இந்தத் தரங்களை நிறைவேற்றியதைக் காட்ட முடிந்தால், தெருப் பராமரிப்பு வழக்கிலிருந்து சபை முழுதாகவே விடுபடலாம். 1 சதவீதமும் ஒட்டாது. செய்த வேலைக்குப் பதிவு வேண்டும்: எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, உப்பா மணலா, யார் ஓட்டியது. பனி வழித்த ஊழியர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுதும் ஒரு வரி, ஐந்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் நம் ஊரைக் காப்பாற்றும். தெருப் பகுதி மேற்பார்வையாளரோடு அமர்ந்து, பதிவு எப்படி எழுதப்படுகிறது, ஜி.பி.எஸ். தரவு எவ்வளவு காலம் வைக்கப்படுகிறது என்று ஒரு பக்கக் குறிப்புத் தயாரித்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். நம்மை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டும் தாள் அது.

சைபர் படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுவோம்

2024 பெப்ரவரியில் ஹமில்டன் மாநகரம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. மீட்புச் செலவு 18 மில்லியன் டொலரைத் தாண்டியது. காப்புறுதி நிறுவனம் கிளெயிமை மறுத்தது. தாக்குதல் நடந்தபோது பல படி உள்நுழைவுச் சரிபார்ப்பு எல்லாப் பிரிவுகளிலும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை என்பதே காரணம்.

எனவே சைபர் விண்ணப்பத்தின் ஒவ்வொரு 'ஆம்' பெட்டிக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் எழுத்துமூல உறுதி வாங்குவோம். ஒரு பிரிவில் வேலை பாதியில் நின்றால் 'பாதி முடிந்தது, இந்தத் திகதிக்குள் முடியும்' என்று எழுதுவோம். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும்.

சந்தைக்குப் போவது எப்படி?

நகரசபைகளுக்குக் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள் கனடாவில் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஏலம் விடுவது நல்லதல்ல. இந்தத் துறையின் நிறுவனங்கள் நீண்ட உறவை மதிக்கும். ஆண்டுக்கு ஆண்டு தாவும் சபைக்கு விலை கொடுக்கத் தயங்கும். சில ஆண்டுக்கு ஒருமுறை, நம் சபையின் கொள்முதல் கொள்கைப்படி முறையான ஏலம். நடுவில் வரும் ஆண்டுகளில் கடுமையான பேரம். இதுவே போதும் என்பது என் கருத்து.

மூன்றாவது வழியும் உண்டு. டர்ஹம், வோட்டர்லூ பிராந்தியங்களின் சபைகள் சேர்ந்து தங்கள் சொந்தக் காப்புறுதிக் குழுமங்களை நடத்துகின்றன. சிறிய இழப்புகளைக் குழுமம் தாங்கும். பெரியவற்றுக்கு வெளியே காப்புறுதி வாங்கும். நிர்வாகம் நம் கையில் இருக்கும். ஆனால் ஓர் ஆண்டு இழப்பு மிகுந்தால் பின்னாளில் உறுப்பினர்களிடம் மேலதிகப் பணம் கேட்கப்படலாம். சேரும் முன் அந்த விதியைச் சட்டத்தரணி படிக்க வேண்டும்.

எவ்வளவு ஆகும்?

எண்கள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் போடும் முறைக்காக ஒரு டவுன்ஷிப்பைக் கற்பனை செய்வோம். இப்போதைய பிரீமியம் 400,000 டொலர். அதில் வாகனம் 60,000. விலை 15 சதவீதம் ஏறினால் 460,000. அதில் வாகனம் 69,000. வாகனம் தவிர்ந்த 391,000க்கு ஒன்ராறியோவின் 8 சதவீத சில்லறை விற்பனை வரி: 31,280. மொத்தம் 491,280. சென்ற ஆண்டு வரியோடு 427,200. கூடுதல் 64,080 டொலர். ஊரின் வரி வசூல் 10 மில்லியன் என்றால், காப்புறுதிக்காக மட்டும் வரியில் சுமார் 0.64 சதவீதம் ஏற்றம். கவுன்சிலுக்குப் புரியும் எண் இந்தக் கடைசி எண்தான். வரியைச் சேர்க்க மறந்து வரவுசெலவுத் திட்டம் எழுதுவது அடிக்கடி நடக்கிறது, கவனியுங்கள்.

டிடக்டிபிளைக் கூட்டலாமா?

ஒவ்வொரு கிளெயிமிலும் முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகைதான் டிடக்டிபிள். 10,000த்திலிருந்து 50,000க்கு ஏற்றினால் பிரீமியம் 35,000 குறையும் என்று புரோக்கர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே தலையாட்ட வேண்டாம். கடந்த ஐந்து ஆண்டுக் கிளெயிம்களை எடுத்து, புதிய தொகையின்படி நாம் எவ்வளவு கட்டியிருப்போம் என்று கூட்டிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய கிளெயிம் வந்தாலே 40,000 கூடுதலாகப் போய், மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். பல பொலிசிகளில் சட்டத்தரணி, விசாரணைச் செலவுகளும் இந்தத் தொகைக்குள் வரும். கூட்டுவதென்றால் பிரீமியத்தில் மிச்சமானதை வேறு செலவுக்குக் கொடுக்காமல் சேமநிதியில் போட வேண்டும். சேமநிதி இல்லாமல் டிடக்டிபிளைக் கூட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கவனம்!

விலை குறைந்த சலுகை வந்தால், எது வெட்டப்பட்டது என்று தேடுங்கள். கழிவுநீர் அடைப்பு, சுற்றுச்சூழல் மாசு, துஷ்பிரயோகம் ஆகியவற்றுக்கான எல்லைகளைப் பழைய பொலிசியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

தொழில்சார் தவறுக்கான பொலிசிகள் பொதுவாகக் கிளெயிம் வந்த ஆண்டின் பொலிசியையே பார்க்கும். நிறுவனம் மாறும்போது பழைய வேலைகளுக்கான பாதுகாப்பு தொடர்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய பொலிசிகளை ஒருபோதும் எறியக் கூடாது. குழந்தையாக இருந்தபோது காயப்பட்டவர் வளர்ந்த பிறகும் வழக்குப் போடலாம். அப்போது தேவைப்படுவது விபத்து நடந்த ஆண்டின் பொலிசி.

கவுன்சிலுக்கு எப்படிச் சொல்வது?

அறிக்கை இரண்டு மூன்று பக்கம் போதும்: சென்ற ஆண்டு விலை, இந்த ஆண்டு விலை, ஏன் ஏறியது, எதைக் கேட்டோம், என்ன பரிந்துரை. நடந்துகொண்டிருக்கும் வழக்குகளுக்கு ஒதுக்கிய தொகைகளைப் பொதுக் கூட்டத்தில் சொல்லக் கூடாது; எதிர்த்தரப்புச் சட்டத்தரணியும் அதைப் படிப்பார். வழக்குகளைப் பற்றி மூடிய கூட்டத்தில் பேசச் சட்டம் இடம் தருகிறது.

கையெழுத்துக்குப் பிறகு

தற்காலிகச் சான்று கைக்கு வந்ததும், ஒப்புக்கொண்டதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பொலிசி பல வாரம் கழித்து வரும், அதையும் படியுங்கள்.

தெருப் பராமரிப்புக் குறைபாட்டால் காயப்பட்டவர் பொதுவாக 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் வரவேற்பு மேசையில் தூங்காமல் அன்றே காப்புறுதி நிறுவனத்துக்குப் போக ஒரு வழி செய்யுங்கள். பனி வழிக்கும் ஒப்பந்ததாரரும் மண்டபம் வாடகைக்கு எடுப்பவரும் நம் சபையையும் சேர்த்துக் காப்புறுதி எடுத்த சான்றைக் காட்டட்டும். அது காலாவதியாகும் நாளையும் குறித்து வையுங்கள்.

இப்போது உங்கள் சபையின் பொலிசி எந்தத் திகதியில் முடிகிறது என்று பாருங்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், இன்றே புரோக்கருக்கு எழுதி இழப்பு அறிக்கையைக் கேளுங்கள்.