ஹெல்சிங்கி போகிறீர்களா?

பின்லாந்தின் தலைநகரில் விலைவாசி அதிகம்தான். ஆனாலும் அங்கே மிக அருமையான இடத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்கு முதலில் போங்கள். துறைமுகச் சந்தைச் சதுக்கத்திலிருந்து படகில் கால் மணி நேரம். டிராமுக்கு எடுத்த டிக்கெட்டே இதற்கும் செல்லும். 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர்களைச் சுற்றிவர அரைநாளாவது ஒதுக்குங்கள். கோடையிலும் கடற்காற்று குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

வயிறாரச் சாப்பிட மதியமே நல்லது. வார நாள்களில் பல உணவகங்கள் 'லோவுனாஸ்' என்ற மதியச் சாப்பாட்டை இரவைவிடக் குறைந்த விலையில் தருகின்றன. சால்மன் சூப்பை ரை ரொட்டியோடு கட்டாயம் ருசியுங்கள். குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம்.

தங்குவதற்கு ஹாகனியெமி மெட்ரோ நிலையத்தை ஒட்டி அறை பாருங்கள். நகர மையம் பக்கம்தான். மழை பிடித்துக்கொண்டால் 2018இல் திறந்த 'ஓடி' நூலகத்துக்குள் போய்விடுங்கள், எல்லோருக்கும் அனுமதி இலவசம்.