பாரிசவாதம்: வீடு திரும்பிய பின்



கப்பர்நாகூமில் நால்வர் கூரையைப் பிரித்து, முடக்குவாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். வரும்போது அவனைப் பிறர் சுமந்தனர்; போகும்போது படுக்கையை அவனே சுமந்தான். பாரிசவாதம் கண்டவரின் குடும்பத்துக்கும் இவ்விரு கடமைகள் உண்டு: முதலில் சுமக்கவேண்டும், பின்னர் அவர் தாமே எழ இடமளிக்கவேண்டும்.

திடீரென வாய் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் தாமதமின்றி 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசமானது. மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்பதை ஸ்கான் செய்தே அறியலாம். அடைப்பாயின், அதைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். எண்ணெய் பூசிப் பார்ப்போம், விடியட்டும் என்றிருந்தால் அந்த நேரம் கைநழுவிப்போகும்.

இரண்டாவது கடமையிலேதான் நம்மிற் பலர் தவறுகிறோம். வீடு திரும்பிய தந்தைக்கு ஊட்டுகிறோம், உடுத்துகிறோம். "பாவம், படுத்திருக்கட்டும்" என்கிறோம். இது அன்புதான், ஆனால் அசையாத மூட்டு இறுகிவிடும். மூளையில் பழுதுபடாத பகுதிகள் இழந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கூடியவை. அதற்கு இடைவிடாத பயிற்சி வேண்டும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் அதிகம். பின்னரும் அது நின்றுவிடுவதில்லை. சட்டைப் பொத்தானைப் பூட்ட அவருக்குப் பத்து நிமிடம் எடுத்தால், பத்து நிமிடமும் பொறுத்திருங்கள்.

கிளினிக்குக்கு அடிக்கடி போக வசதியில்லையா? இயன்மருத்துவரிடம் வீட்டார் ஒருவர் பயிற்சிகளைக் கற்றுவரட்டும். விழுங்கும் ஆற்றலை வைத்தியசாலையில் சோதித்த பின்பே உணவு கொடுங்கள். நிமிர்த்தி இருத்தியே கொடுங்கள். புரைக்கேறும் உணவு நுரையீரலைக் கெடுக்கும். சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகக்கூடும். பேச முடியாதவருக்கு விளங்காது என்று எண்ணி, அவர் முன்னிலையில் அவரைப்பற்றி எதையும் பேசாதீர்கள். இடையறாது அழுதால், மனம் சோர்ந்திருந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சுகம் வந்துவிட்டதென்று இரத்த அழுத்தக் குளிசைகளை நிறுத்துவது மறுமுறை பாரிசவாதத்தை அழைப்பதாகும்.

அயல்வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறாரா? அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல ஆளில்லாதிருக்கலாம். அந்த நால்வரில் ஒருவராக நீங்கள் இருக்கலாமே!