வளரிளம் பருவம்: சித்தேரியில் அது எத்தனை வருஷம்?



ஒரு டெம்பரேச்சர் சென்சாரை ஏசி லேப்ல, 25 டிகிரியில மட்டும் வைத்து கேலிபரேட் பண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டுபோய் பாய்லர் பக்கத்தில் மாட்டுகிறீர்கள். ரீடிங் தாறுமாறாக வருகிறது. உடனே "பாய்லர்ல ஏதோ கோளாறு சார்" என்று ரெக்கார்டில் எழுதினால் எக்ஸ்டர்னல் சும்மா விடுவாரா? "முதல்ல உன் சென்சாரைப் பாருப்பா" என்றுதான் சொல்வார்.

மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இந்தத் தப்பு நடக்கிறது. அதிலும் வளரிளம் பருவம் பற்றிய ஆராய்ச்சியில் நிறையவே நடந்திருக்கிறது. நாம பேச்சு வழக்கில் விடலைப் பருவம் என்று சொல்கிறோமே, அதுதான். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை என்று கணக்கு வைத்திருக்கிறது.

இந்தக் கட்டுரையில் மூன்று சின்னப் பாடங்கள் இருக்கின்றன. மூன்றும் உளவியல் புத்தகத்தில் வருவதுதான். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு நம்ம தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். ரீடிங் எப்படி வருகிறது, அதை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில், யாரை வைத்து எழுதிய பாடம் இது?

1904-ல் ஜி. ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் வளரிளம் பருவம் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். இந்த வயது புயலும் கொந்தளிப்புமாகத்தான் இருக்கும் என்பது அவர் கருத்து. 1928-ல் மார்கரெட் மீட், சமோவா தீவுப் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் "எல்லா ஊரிலும் அப்படி இல்லை" என்று மறுத்தார். மீட் சொன்னதே தப்பு என்று 1983-ல் டெரெக் ஃப்ரீமன் ஒரு புத்தகம் போட்டார். அந்தச் சண்டை ரொம்ப நாள் ஓடியது.

1991-ல் அலிஸ் ஷ்லேகலும் ஹெர்பர்ட் பாரியும் 186 சமூகங்களின் தகவல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை என்ற ஒரு இடைக்காலம் அநேகமாக எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. ஆனால் அதன் நீளம் ஊருக்கு ஊர் வேறு. பொதுவாகப் பெண்களுக்கு அது இன்னும் குட்டை. இந்த 'நீளம்' என்ற வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் ஒரு கணக்கு எடுத்தார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளைப் பார்த்தால், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 சதவீதம் பேர் அமெரிக்கர்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையோ உலகத்தில் 5 சதவீதம்தான். அந்த இதழ்களில் ஒன்றில், அமெரிக்க ஆய்வுகளில் 67 சதவீதம் உளவியல் படிக்கும் கல்லூரி மாணவர்களை மட்டுமே வைத்து நடந்தவை. ஆமாங்க, மனித மனம் எப்படி வேலை செய்யுதுன்னு உலகத்துக்குச் சொன்னதில் பெரும்பங்கு, இன்டர்னல் மார்க்குக்காக சர்வே ஃபார்ம் நிரப்பின நம்மள மாதிரி ஆட்கள்தான்!

இதுதான் அந்த 25 டிகிரி லேப். இப்ப மலையேறுவோம்.

சித்தேரி: ஒரு சின்ன அறிமுகம்

அரூர் பக்கத்திலிருந்து ஏறினால் சித்தேரி மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் "ஓ, கேரளாவா?" என்று கேட்காதீர்கள். அவர்கள் தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலைக்கு வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்வழிக் கதை. சாமை, கேழ்வரகு பயிரிடுவார்கள். புளி, கடுக்காய், தேன் என்று காட்டிலிருந்தும் கொஞ்சம் வருமானம் உண்டு. அது போதாத போது வேலை தேடிக் கீழே இறங்க வேண்டும். வெளி மாநிலம் வரைக்கும் போவார்கள்.

இங்கே ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். நிஜ ஆள் இல்லை, பாடத்துக்காக நாமே உருவாக்கிய பையன். வயது 16. பத்தாவது எழுதியிருக்கிறான். இவனுக்கு ஒரு அக்கா, ஒரு தங்கச்சி.

பாடம் 1: மொரட்டோரியம்

இந்த வார்த்தை உங்களுக்குப் புதுசு இல்லை. 2020 கொரோனா நேரத்தில் ரிசர்வ் வங்கி இஎம்ஐ கட்டுவதற்கு மொரட்டோரியம் கொடுத்ததே, ஞாபகம் இருக்கா? கடன் தள்ளுபடி ஆகவில்லை, தள்ளித்தான் போடப்பட்டது.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் வளரிளம் பருவத்துக்கு இதே வார்த்தையைத்தான் பயன்படுத்தினார். பெரியவர்களின் பொறுப்பைச் சமூகம் கொஞ்ச வருஷம் தள்ளிப்போடுகிறது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் பலதையும் முயன்று பார்த்து "நான் யார்?" என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது.

1966-ல் ஜேம்ஸ் மார்சியா இதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். தேடிப் பார்த்து முடிவு எடுத்தவர்கள். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். தேடவும் இல்லை, முடிவும் இல்லை என்று இருப்பவர்கள். நான்காவது வகை, தேடாமலேயே முடிவு ஆனவர்கள். "பன்னிரண்டாவது மார்க் வந்துச்சு, மாமா சொன்னாரு, ஈசிஇ சேர்ந்துட்டேன்" என்றால் நீங்கள் எந்த வகை என்று நானே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நமக்கு இன்னும் நாலு வருஷம் ஹாஸ்டல், சிம்போசியம், அரியர் என்று தேடுவதற்கு டைம் கிடைத்துவிடுகிறது. ஆர்னெட் 2000-ல் 18 முதல் 25 வயது வரையிலான இந்தக் காலத்துக்குத் தனிப் பெயரே வைத்தார். அரும்பும் முதிர்ச்சி என்று தமிழில் சொல்லலாம்.

இப்ப நம்ம 16 வயசுப் பையன். அவனுக்கு அந்த டைமை யார் கொடுப்பது? மொரட்டோரியம் இலவசம் இல்லைங்க. யாரோ ஒருவர் அந்த வருஷங்களுக்கு வட்டி கட்ட வேண்டும். உங்களுக்கு உங்கப்பா கட்டினார், இல்லை எஜுகேஷன் லோன் கட்டியது. சாமை விளைச்சல் சரியில்லாத வருஷத்தில் அவன் வீட்டில் கட்ட ஆள் இல்லை.

சட்டத்தையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 வயது முதல் 14 வரை கட்டாய இலவசக் கல்வி என்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வேலை வாங்கத்தான் தடை போடுகிறது. அதாவது பையன் வளரிளம் பருவத்தின் நட்டநடுவில் நிற்கும்போது, சட்டம் அவன் கையைப் பாதி விட்டுவிடுகிறது.

தங்கச்சிக்கு இன்னும் குட்டை. பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது 2006 சட்டப்படி குற்றம். ஆனாலும் குழந்தைத் திருமணம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அடிபடும் மாவட்டங்களில் நம்ம தருமபுரியும் ஒன்று. 15 வயதில் கல்யாணம் ஆகும் பெண்ணுக்கு வளரிளம் பருவம் எத்தனை வருஷம்? நீங்களே கழித்துப் பாருங்கள்.

பாடம் 2: கூட்டாளி பக்கத்தில் இருந்தால்

2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் இருவரும் 306 பேரை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கார் கேம் ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் ஓட்டினால் பாயின்ட் ஏறும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் எதிரே சுவர் வரலாம், வந்தால் எல்லாம் போச்சு. சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் கூட்டாளிகள் பக்கத்தில் இருக்க ஆடினார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், கூட்டாளி இருந்தபோது ஏறக்குறைய இரு மடங்கு ரிஸ்க் எடுத்தார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

பைக்கில் மூணு பேர் போகும்போது ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்புவதை அனுபவித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இந்தப் பாடம் சித்தேரிப் பையனுக்கும் பொருந்தும். அவனும் 16 வயதுதானே. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லேப்ல சுவரில் மோதினால் பாயின்ட்தான் போகும்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், தாக்கினார்கள், சுட்டோம் என்றது ஆந்திரக் காவல் துறை. போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக் கிராமத்தினர் நிறைய. சித்தேரி மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

கூப்பிடும் ஏஜென்ட்டோடு ஊர்க்காரர் நாலு பேர் போகிறார்கள் என்றால், 17 வயதுப் பையன் "நானும் வரேன்" என்பதைப் 'பருவக் கோளாறு' என்று எழுதிவிடலாமா? கூட்டாளி பக்கத்தில் இருப்பது ஒரு காரணம். வீட்டில் காசு இல்லாதது இன்னொரு காரணம். புத்தகம் முதல் காரணத்தை மட்டும் அளக்கிறது. ஏனென்றால் லேப்ல வந்தவர்களுக்கு இரண்டாவது காரணம் இல்லை.

பாடம் 3: காத்திருப்பது யாருக்கு லாபம்?

மார்ஷ்மெல்லோ சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோட்டிவேஷன் ஸ்பீக்கர்கள் யாரும் விட்டுவைக்காத கதை. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் ஆரம்பித்தது. குழந்தை முன்னால் ஒரு மிட்டாய். கொஞ்ச நேரம் சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்பது கதை.

2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலை வைத்து இதைத் திரும்பப் பார்த்தார்கள். தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் வந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது.

இன்னும் சுவாரசியமானது 2013-ல் செலஸ்ட் கிட் குழுவினர் 28 சின்னப் பிள்ளைகளிடம் செய்தது. மிட்டாய்க்கு முன்னால், "இரு, நல்ல கலர் பென்சில் எடுத்துட்டு வரேன்" என்று ஒரு பெரியவர் சொல்கிறார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் "சாரி, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். அப்புறம்தான் மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லையா? இல்லைங்க. "இந்த ஆளை நம்பி உட்கார்ந்தா ஒண்ணும் வராது" என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

சின்னக் குழந்தைகளிடம் வந்த முடிவை அப்படியே 16 வயதுக்கு ஒட்ட வைக்கக் கூடாது. ஆனால் ஒரு கேள்வி கேட்க உதவும். நம்ம பையனுடைய அக்கா பிளஸ் டூ முடித்தாள், சாதிச் சான்றிதழுக்கு நடையாய் நடந்தாள், கைக்கு வருவதற்குள் அட்மிஷன் தேதி போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இதைப் பக்கத்திலிருந்து பார்த்த தம்பி, "படிச்சா பின்னாடி வேலை கிடைக்கும்" என்ற வாக்கை நம்பி எத்தனை நிமிஷம் உட்காருவான்? அவன் கூலி வேலைக்குப் போனால் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவோம்? "படிப்பில் ஆர்வமின்மை." சென்சார் கோளாறை பாய்லர் மேல் எழுதிவிட்டோம், பார்த்தீர்களா?

சரி, நாம என்ன செய்யலாம்?

இதுக்கெல்லாம் பெரிய ஆராய்ச்சியாளர் ஆக வேண்டியதில்லை.

ஒன்று, அடுத்த முறை என்எஸ்எஸ் கேம்ப்பில் சர்வே எடுக்கும்போது "ஏன் படிப்பை நிறுத்தினே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. எதிரில் இருப்பவர் "இஷ்டம் இல்லைங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வார். "அந்த வருஷம் வீட்டுல என்னென்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கதை வரும், காரணமும் வரும்.

இரண்டு, தகவல் தெரியாமல்கூட வாக்கு பொய்த்துப் போகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. இதை மலையில் ஒரு வீட்டில் போய்ச் சொல்வதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் சொன்னால் மட்டும் பத்தாது. விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் வாங்கி, பணம் கணக்கில் ஏறும் வரை கூட இருங்கள். இல்லையென்றால் நாமும் வெறுங்கையோடு திரும்பிவந்த அந்தப் பெரியவர்தான். குழந்தைத் திருமணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் 1098-க்கு ஒரு போன் போதும்.

மூன்று, இதுதான் ரொம்ப முக்கியம். உங்கள் கிளாஸில் மலையிலிருந்து வந்த ஒரு ஆள் இருக்கலாம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு 1 சதவீதம். 100 சீட்டில் ஒன்று. "கோட்டாவுல வந்தவன்" என்று கிண்டல் அடிக்கும் முன், அவன் எந்த மொரட்டோரியமும் இல்லாமல் இங்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்பதை யோசியுங்கள். முதல் செமஸ்டரில் அவன் பேசாமல் இருந்தால் அது கூச்சமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்த இடத்தை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தச் சோதனையில் நாமதான் கலர் பென்சில் கொண்டுவர வேண்டிய ஆள்.

வீட்டுப்பாடம்

இன்று இரவு வீட்டுக்கு போன் பண்ணும்போது அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு எத்தனை வயசுல வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க, எத்தனை வயசுல கல்யாணம்?" பதிலை உங்கள் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டே தலைமுறையில் வளரிளம் பருவம் உங்கள் வீட்டில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியும்.

யாரோ வட்டி கட்டி நீட்டிக் கொடுத்த காலம் அது. சித்தேரியிலும் அது நீள வேண்டும். அவ்வளவுதான் பாடம்.