கெட்டிமேளம் ஏன் தள்ளிப் போகிறது?

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்குத் தவிலைப் போல உதவும் கருவி வேறில்லை. குச்சி தோலில் விழும் ஃப்ரேமும் சத்தம் எழும் இடமும் ஒன்றாக இருந்தால் சிங்க் சரி. இல்லையென்றால் எத்தனை ஃப்ரேம் விலகியிருக்கிறது என்று அங்கேயே எண்ணிவிடலாம். என்னிடம் உதவி கேட்டு வரும் தம்பிகள் பெரும்பாலும் இந்தப் புகாரோடுதான் வருவார்கள்: "அண்ணே, மாலை மாத்துற வரைக்கும் சரியா இருக்கு, தாலி கட்டும்போது மேளம் முந்திப் போகுது."

உடனே ஆடியோவை இரண்டு ஃப்ரேம் இழுத்து வைக்கத் தோன்றும். அந்த இடம் சரியாகும், பத்து நிமிடம் கழித்து மறுபடி கெடும். நான் எதையும் தொடுவதற்கு முன் கிளிப்பின் தொடக்கம், நடு, கடைசி மூன்றிலும் தவிலைப் பார்ப்பேன். விலகல் மூன்று இடத்திலும் ஒரே அளவா, போகப் போக வளர்கிறதா, திடீர் திடீரென்று தாவுகிறதா? இதற்கு விடை தெரியாமல் எந்த செட்டிங்கை மாற்றினாலும் வீண்வேலை.

ஒரே அளவென்றால் நகர்த்தி வைத்தால் முடிந்தது. சில சமயம் அது கோளாறே அல்ல. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 25 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி நொடி. மேடையிலிருந்து 14 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் மைக்கில் மேளம் ஒரு ஃப்ரேம் பிந்தித்தான் விழும்.

சீராக வளர்ந்தால் எங்கோ வேகக் கணக்கு இடிக்கிறது. 23.976-இல் எடுத்ததை 24 என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மணிக்கு 3.6 நொடி. ஒரு மணி நேரத்தில் ஓரிரு ஃப்ரேம் மட்டும் விலகினால், தனி ரெக்கார்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் இம்மியளவு வேறாக ஓடியிருக்கின்றன. ஐயர் மந்திரத்தை நிறுத்தும் இடைவெளிகளில் ஆடியோவை வெட்டிச் சரிசெய்தால் யாருக்கும் தெரியாது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48 என்று படித்துவிட்டால் அளக்கவே வேண்டாம், நாகஸ்வரத்தின் சுருதியே ஏறிப்போயிருக்கும்.

தாவித் தாவிப் போனால் அநேகமாகச் செல்போன் கிளிப். வெளிச்சம் குறைந்தால் போன் ஃப்ரேம்களைக் குறைத்துக்கொள்ளும், கூடினால் கூட்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு 'கான்ஸ்டன்ட்' ஆக்கிக்கொள்ள வேண்டும். இதை டைம்லைனில் வைக்கும் முன்பே செய்ய வேண்டும். வெட்டி முடித்தபின் கோப்பை மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகரும். இன்றைய எடிட்டிங் மென்பொருள்கள் இந்தக் கோப்புகளை ஓரளவு சமாளிக்கின்றன. ஆனாலும் முழு முகூர்த்தமும் ஒரே போன் கிளிப்பாக வந்தால் நான் மாற்றித்தான் போடுவேன். உறவினரின் வாட்ஸ்அப் வீடியோ வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் அசல் வரும்.

கவனித்தால் இவற்றில் பெரும்பாலானவை எடிட்டிங் மேசையில் பிறந்தவை இல்லை. கார்டைக் காப்பி செய்யும்போது பிறக்கும் தொல்லை இன்னும் மோசம். பல கேமராக்கள் கார்டை ஃபார்மேட் செய்ததும் சி0001 என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டு கேமரா, நாலு கார்டு என்றால் ஒரே பெயரில் நாலு கோப்பு. ஹார்ட் டிஸ்கின் டிரைவ் எழுத்து மாறி 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்புத் திரை வரும்போது, மென்பொருள் அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை ஒட்டிவிடும். மாப்பிள்ளை அழைப்பு இருந்த இடத்தில் பந்தி ஓடும். கேமராவுக்கு ஒன்று, அதற்குள் கார்டுக்கு ஒன்று என்று ஃபோல்டர் போட்டு, கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவதானால் இம்போர்ட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வீடியோ கோப்பை மட்டும் பொறுக்காமல் கார்டை முழுசாகக் காப்பி செய்யுங்கள். 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையில் இருப்பதால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. கேமரா துண்டு துண்டாக எழுதும். ஏவிசிஎச்டி கேமராக்களில் ஃபோல்டர் அமைப்பு கலைந்தால் அந்தத் துண்டுகள் சேரும் இடத்தில் பாட்டு ஒரு கணம் அறுபடும்.

"ரேம் போடணுமா?" என்பது அடுத்த கேள்வி. எந்த எஃபெக்டும் இல்லாத ஒற்றைக் கிளிப்பே ஓடும்போது திக்கினால் ரேம் போட்டுப் பயனில்லை. எச்.265, 10-பிட், 4:2:2 வகையை எல்லாக் கணினியும் வன்பொருளால் பிரிக்காது. இன்டெலில் 11-ஆம் தலைமுறைச் சிப்புகளிலேயே வசதி உண்டு. என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த 50 வரிசையில்தான் வந்தது. இல்லாதவர்கள் ப்ராக்ஸி எனும் இலகுவான நகலைச் செய்துகொள்ளலாம். ப்ராக்ஸியில் ஆடியோ சேனல் எண்ணிக்கை அசலோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஒட்ட மறுக்கும்.

தமிழ் டைட்டிலில் கொம்பும் காலும் பிரிந்து நின்றால் ஃபாண்டைத் திட்டாதீர்கள். ப்ரீமியரில் ப்ரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றி, ப்ராஜெக்டை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாக அடியுங்கள். பத்திரிகை அடித்த அச்சகத்திலிருந்து வரும் பாமினி எழுத்து யூனிகோட் அல்ல. அதை யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்தால்தான் ஆகும்.

கடைசியில் எக்ஸ்போர்ட். ஆல்பம் கொடுக்கும் நாளில்தான் அது பாதியில் நிற்கும். முதலில் டிஸ்கில் இடம் பாருங்கள், மீடியா கேஷை அழியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டைம்லைனைப் பாதியாக்கி, முதல் பாதியை மட்டும் வெளியே எடுங்கள். வந்துவிட்டால் கோளாறு மறுபாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். இரண்டு மணி நேர வீடியோவில் ஏழாவது பிரிப்பில் ஒரு நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். அங்கே நான் அடிக்கடி பார்ப்பது ஆல்பம் டிசைனர் அனுப்பிய 12-க்கு 36 அங்குல ஷீட். 300 டிபிஐ கணக்கில் 10,800 பிக்சல் அகலம். 3,840-க்குக் குறைத்து மாற்றினால் பெரும்பாலும் தாண்டிவிடும். தாண்டாவிட்டால் அந்த நிமிடத்தில் இருக்கும் எஃபெக்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாக அணைத்தால் எக்ஸ்போர்ட் வரும், ஆனால் எது காரணம் என்று தெரியாது. அடுத்த முகூர்த்தத்திலும் அதே எஃபெக்டைப் போட்டிருப்பீர்கள்.