பியானோவும் தெரிய வேண்டும், முகமும் தெரிய வேண்டும்: பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படங்களை வீட்டில் பார்க்க முழுமையான வழிகாட்டி

'தி மியூசிக் பாக்ஸ்' படத்தை நான் முதன்முதலில் பார்த்தது நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு விசிடியில். லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டில் ஏற்றப் படாதபாடு படுவார்கள். ஏற்ற ஏற்ற அது உருண்டு கீழே வந்துவிடும். 1932இல் வந்த படம். நகைச்சுவைக் குறும்படத்துக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட ஆஸ்கரை வாங்கியது. என் விசிடியில் பியானோப் பெட்டி ஒரு கறுப்புத் திட்டு, ஹார்டியின் முகம் ஒரு வெள்ளைத் திட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, "பழைய படம்டா, அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் பல வருஷம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

புதுப்பித்த பதிப்பைப் பார்த்த அன்றுதான் எவ்வளவு இழந்திருந்தேன் என்று தெரிந்தது. ஒவ்வொரு அடி விழுந்ததும் ஹார்டி மெல்லத் திரும்பி நம்மைப் பார்ப்பார். நெற்றியில் ஒட்டிக்கிடக்கும் முடிக்கற்றை, உப்பிய கன்னம், 'இவனோடு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா' என்று முறையிடும் கண்கள். என் பழைய விசிடியில் விழுவது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. விழுந்த பிறகு வரும் அந்தப் பார்வை அழிந்துபோயிருந்தது. 'சிரிப்புப் படத்துக்குக் காட்சித் தரம் எதற்கு' என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: பாதிச் சிரிப்பு அந்த முகத்தில் இருக்கிறது. அதை மீட்க என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கையில் இருப்பது எத்தனையாவது நகல்?

டிவியைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேமராவுக்குள் ஓடிய ஃபிலிம்தான் மூல நெகட்டிவ். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து நகல் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட், அதைச் சுருக்கி 16 மி.மீ. பிரிண்ட் என்று வம்சாவளி நீளும். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும்? எழுத்து தடிக்கும், போட்டோவில் முகம் கரியாகும். ஃபிலிமிலும் அதேதான். ஒவ்வொரு தலைமுறையிலும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் கரைந்து, வெள்ளை வெளுத்து, கறுப்பு அடைத்துக்கொள்ளும். கறுப்பு வெள்ளைப் படத்தின் உயிர் அந்தச் சாம்பல் நிறங்களில்தான் இருக்கிறது. மலிவு விலை டிஸ்க்குகள் பெரும்பாலும் இந்தக் கடைசித் தலைமுறை 16 மி.மீ. பிரிண்டுகளிலிருந்து வந்தவை.

லாரல் ஹார்டி படங்களுக்கு இதில் கூடுதல் துயரம் உண்டு. ஹால் ரோச் ஸ்டூடியோவில் எடுத்த அந்தப் படங்களுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. மூல நெகட்டிவிலிருந்தே திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டதில் நெகட்டிவே தேய்ந்தது. ஆனாலும் மௌனப் பட நாளில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: அருகருகே இரண்டு கேமராக்களை வைத்து இரண்டு நெகட்டிவ் எடுப்பார்கள், ஒன்று உள்நாட்டுக்கு, மற்றது வெளிநாட்டுக்கு. ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

இன்னொரு சேதி. 1920களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம்தான் புழங்கியது. சிவப்பு அதில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். அதனால்தான் அந்தக் காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவும் உதடுகள் கரியாகவும் தெரியும். அது டிஸ்க்கின் குற்றம் இல்லை. எல்லா நிறங்களையும் உள்வாங்கும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவிய பிறகுதான் லாரலின் வெளிர் நீலக் கண்களுக்குத் திரையில் உயிர் வந்தது.

2. நல்ல பதிப்பைத் தேடுதல்

அட்டையில் 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். தேய்ந்த பிரிண்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தேட வேண்டியது மூன்று தகவல்கள்: எந்த ஃபிலிமிலிருந்து எடுத்தார்கள், ஸ்கேன் 2கேயா 4கேயா, எந்தக் காப்பகம் செய்தது. உழைத்துச் செய்தவர்கள் இதைப் பெருமையோடு எழுதியிருப்பார்கள். ஒன்றுமே எழுதாத அட்டையைக் கண்டால் கீழே வைத்துவிடுங்கள்.

நம்பி வாங்கக்கூடியவை சில. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்', 'மாடர்ன் டைம்ஸ்' முதலியவை இத்தாலியின் பொலோனியா நகரத் திரைப்படக் காப்பகத்தின் புதுப்பிப்புப் பணியைச் சார்ந்து வந்திருக்கின்றன. கிரைட்டீரியன் நிறுவனத்தின் ப்ளூரேக்கள் நன்றாக இருக்கும். மௌனப் பட நகைச்சுவை நாயகன் கீட்டனின் படங்களிலும் பொலோனியாவின் கை பட்டவற்றைத் தேடுங்கள். லாரல் ஹார்டிக்கு 2020இல் வந்த 'தி டெஃபினிட்டிவ் ரெஸ்டோரேஷன்ஸ்' ப்ளூரே தொகுப்பு. 'மியூசிக் பாக்ஸ்' அதில் இருக்கிறது. பை வீசும் சண்டைக்குப் பேர்போன 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' (1927) படத்தின் இரண்டாவது ரீல் பல பத்தாண்டுகள் முழுமையாகக் கிடைக்காமல் இருந்து 2015இல் கண்டெடுக்கப்பட்டது. அதுவும் இத்தொகுப்பில் உண்டு. மார்க்ஸ் சகோதரர்களின் பாரமவுன்ட் படங்கள் ஐந்தும் 2016இல் புதுப்பிக்கப்பட்ட ப்ளூரேயாக வந்தன. அதில் 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' (1932) படத்தின் ஒரு காட்சியில் வெட்டு வெட்டாகத் தாவும். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், விடுபட்ட அந்தத் துண்டுகள் எங்குமே கிடைக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மண்டல எண்ணைக் கவனியுங்கள். ப்ளூரேயில் இந்தியா சி மண்டலம், அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. அமெரிக்க டிஸ்க் நம்மூர் பிளேயரில் ஓடாமல் போக வாய்ப்புண்டு. 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது.

3. டிஸ்க்கா, இணையமா?

விசிடியின் அகலம் 352 புள்ளி, டிவிடி 720, ப்ளூரே 1920. ஆனால் புள்ளிக்கணக்கு மட்டும் போதாது. பழைய ஃபிலிமில் வெள்ளித்துகள்களால் ஆன மெல்லிய புள்ளிக்கூட்டம் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். அதுதான் கிரெய்ன். ஒரு ஃபிரேமில் இருப்பது அடுத்த ஃபிரேமில் இருக்காது என்பதால் அதைச் சுருக்கி அனுப்புவது கடினம். ப்ளூரே நொடிக்கு 20 முதல் 40 மெகாபிட் வரை செலவழிக்கும். இணையத்தில் வரும் எச்டி சுமார் 5 மெகாபிட்டில் வேலையை முடிக்கப் பார்க்கும். விளைவு, சுவரும் வானமும் கட்டம் கட்டமாக நெளியும். நல்ல புதுப்பிப்பு இணையத்தில் கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள், யாரோ ஏற்றிவைத்த டிவிடி நகலைவிட அது மேல். நெஞ்சுக்கு நெருக்கமான நான்கைந்து படங்களை மட்டும் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

4. பட வடிவத்தைச் சரிசெய்தல்

வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. பழைய படங்களின் சட்டம் ஏறக்குறைய 4:3, நம் டிவி 16:9. இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை. பட்டையைக் கண்டால் காசு வீணாவதாக நினைத்து ரிமோட்டில் 'ஃபுல்', 'ஸூம்' என்று அழுத்திவிடுகிறோம்.

இழுத்து நிரப்பினால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தை இழுத்துப் போட்ட டிவியில் பாருங்கள், நாகேஷின் ஒல்லி உடம்பே காணாமல் போயிருக்கும். அந்த உடம்பு இல்லாமல் அவருடைய ஓட்டம் ஏது, வளைவு ஏது? லாரலும் ஹார்டியும் ஒல்லியும் குண்டுமாக நிற்பதே முதல் சிரிப்பு. இழுத்த படத்தில் இரண்டு குண்டர்கள்தான் நிற்பார்கள்.

ஸூம் செய்தால் வேறு கேடு. உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். சாப்ளினும் கீட்டனும் தலை முதல் பாதம் வரை முழு உடம்பும் தெரியும்படிதான் பெரும்பாலும் கேமராவை வைத்தார்கள், நடிப்பு காலிலும் இருந்ததால். ஸூமில் தொப்பி போகும் அல்லது ஷூ போகும். கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மேல் சாயும். மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து விழ, அவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார். சுவரின் உச்சியும் அவர் பாதமும் ஒரே சட்டத்துக்குள் தெரிந்தால்தான் அந்த ஆபத்து நமக்கு உறைக்கும்.

செய்ய வேண்டியது எளிது. டிவியின் பட அளவை 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்று மாற்றுங்கள். படத்தில் ஒரு கடிகாரமோ வண்டிச் சக்கரமோ நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்துபாருங்கள். உயரமும் அகலமும் ஒன்றாக இருந்தால் சரி.

5. டிவியின் கெட்டிக்காரத்தனங்களை அணைத்தல்

போன வருஷம் மாமா வீட்டுக்கு 55 அங்குல டிவி வந்தது. 'மியூசிக் பாக்ஸ்' ப்ளூரேயை எடுத்துக்கொண்டு போனேன். போட்டால் முகமெல்லாம் மெழுகு, அசைவெல்லாம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை மணி நேரம் மெனுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். திரும்பப் போட்டதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா, இவன் நம்மளத்தான பாக்குறான்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நான் செய்தது இவ்வளவுதான். 'விவிட்' பயன்முறையிலிருந்து 'மூவி', 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' பயன்முறைக்கு மாற்றினேன். முதலில் படம் லேசாக மஞ்சளடித்ததுபோல் தோன்றும். பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும், முன்பு நீலமடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரியும். அடுத்து, இல்லாத ஃபிரேம்களை இட்டு நிரப்பும் வசதியை அணைத்தேன். சாம்சங்கில் அது 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ'. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று இருப்பது கிரெய்னை அழுக்கென்று நினைத்துத் துடைக்கும். துடைக்கும்போது தோலின் சுருக்கமும் கோட்டின் நெசவும் சேர்ந்து போய்விடும். அதையும் அணைத்தேன். கடைசியாக ஷார்ப்னஸ். ஹார்டியின் கறுப்புத் தொப்பியின் ஓரத்தைப் பாருங்கள். சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். கோடு மறையும்வரை குறையுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையோ ஊதாவோ எட்டிப்பார்த்தால் 'கலர்' அளவைப் பூஜ்யமாக்கிவிடலாம். ஆனால் மௌனப் படங்களில் இதைச் செய்யாதீர்கள். இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சள் என்று ஃபிலிமையே சாயத்தில் முக்கி எடுக்கும் வழக்கம் இருந்தது. நல்ல பதிப்புகள் அந்தச் சாயத்தைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கும்.

6. கோட்டும் பனியும்: வெளிச்சத்தை அளக்க இரண்டு சோதனை

சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. கறுப்புக் கோட்டும் வெண்பனியும் ஒரே படத்தில். கோட்டில் மடிப்பும் ஓரமும் தெரியாமல் ஒரே இருட்டாக இருந்தால் பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். கறுப்பு சாம்பலாக வெளிறத் தொடங்கினால் ஒரு புள்ளி இறக்குங்கள். பிறகு பனி. அதில் மேடு பள்ளம் தெரியாமல் வெள்ளைத் தாள்போல் இருந்தால் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள்.

சரிசெய்தபின் ஷூ தின்னும் காட்சிக்குப் போங்கள். பசி தாங்காமல் வேகவைத்த ஷூவின் ஆணிகளைக் கோழி எலும்புபோல் ஒவ்வொன்றாக உறிஞ்சி வைப்பார், கயிற்றை நூடுல்ஸ் மாதிரி சுற்றிச் சாப்பிடுவார். அந்த ஷூ அதிமதுர மிட்டாயால் செய்தது. நல்ல பதிப்பில், சரியான வெளிச்சத்தில், தோலின் ஈரப் பளபளப்பும் ஆணியின் மினுக்கும் தனித்தனியாகத் தெரியும். அவர் முகத்தில் இருக்கும் விருந்தாளியின் மரியாதையும் தெரியும்.

இதே படத்தை 1942இல் சாப்ளின் வெட்டிச் சுருக்கி, தன் குரலில் விவரணை சேர்த்து மறுபடி வெளியிட்டார். அட்டையில் எந்த வருஷத்துப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

7. வேகம்

மௌனப் படக் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் முதல் 24 வரை படத்துக்குப் படம் மாறும். 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் எல்லாரும் எறும்புபோல் குடுகுடுவென்று ஓடுவார்கள். பழைய படம் என்றாலே அப்படித்தான் என்ற எண்ணம் நம்மிடம் வந்தது இப்படித்தான். சில காட்சிகளைச் சிரிப்புக்காக வேண்டுமென்றே வேகமாக்கியதும் உண்டு, அதனால் எல்லாவற்றையும் மெதுவாக்குவதும் தவறு. இந்தத் தீர்மானத்தைப் புதுப்பித்தவர்களிடமே விட்டுவிட்டு, நல்ல பதிப்பை வாங்குவதே நம் வேலை.

பேசும் படங்களின் டிவிடியில் இன்னொரு சிக்கல். நம்மூரிலும் ஐரோப்பாவிலும் புழங்கும் பால் முறை டிவிடி 24 ஃபிரேமை 25ஆக ஓட்டும். 90 நிமிஷப் படம் 86 நிமிஷத்தில் முடிந்துவிடும், குரலும் சற்றுக் கீச்சென்று ஏறும். ப்ளூரேயில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

8. வண்ணம் பூசிய பதிப்புகள்

1980களில் லாரல் ஹார்டி படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி விற்றார்கள். வேண்டாம். ஒளியையும் நிழலையும் கணக்குப் பண்ணி ஒளிப்பதிவாளர் வைத்த சாம்பல் அடுக்குகள்மேல் தட்டையான ஒரு நிறம் வந்து உட்காரும். முகத்தின் நுணுக்கம் முதலில் அங்கேதான் சாகிறது. வீட்டில் ஏற்கெனவே அப்படியொரு டிஸ்க் இருந்தால், கலரைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள், ஓரளவு தேறும்.

9. அறை

டிவிக்கு எதிரே ஜன்னல் இருந்தால் திரையை இழுத்து மூடுங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். முழு இருட்டு கண்ணை வருத்தும் என்றால் டிவியின் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன வெள்ளை விளக்கு வையுங்கள். 55 அங்குல டிவிக்கு ஆறேழு அடி தூரத்தில் உட்கார்ந்தால் போதும். வீட்டுப் பெரியவர்களுக்கு நேர் எதிர் நாற்காலியைக் கொடுங்கள். பல எல்இடி டிவிகளில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கறுப்பு வெளிறித் தெரியும். ஒலி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், படிக்கட்டில் உருளும் பியானோ உள்ளே கணகணவென்று ஒலிப்பது காதில் விழ வேண்டும்.